அலுவலகப் பயணங்கள் எப்படி மாறிக்கொண்டிருக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்கள், அவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள், திரும்பி வந்ததும் பில்களைச் சரிபார்க்கிறவர்கள் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. முன்பெல்லாம் டிராவல் டெஸ்க் கொடுத்த டிக்கெட்டில் ஏறிப் போய்விட்டு வருவதுதான் பயணம். இப்போது எந்த விமானம், எந்த ஓட்டல் என்ற முடிவு ஊழியரின் கைபேசிக்குப் போய்விட்டது. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மட்டும் கம்பெனியிடமே இருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறந்தவை.

கொரோனாவோடு அலுவலகப் பயணமே ஒழிந்துவிடும் என்றார்களே, என்ன ஆயிற்று?

ஒழியவில்லை. 2020 நவம்பரில் பில் கேட்ஸ், தொழில்முறைப் பயணங்களில் பாதிக்கு மேல் இல்லாமல் போய்விடும் என்று கணித்தார். விமான நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களில் அது நம்பும்படியாகவும் இருந்தது. உலக வணிகப் பயணச் சங்கமான ஜிபிடிஏவின் கணக்குப்படி, 2019-இல் உலகம் முழுவதும் இதற்குச் செலவானது சுமார் 1.43 லட்சம் கோடி டாலர். 2020-இல் அது பாதிக்கும் கீழே விழுந்தது. 2024 வாக்கில் பழைய தொகையை மறுபடி எட்டிவிட்டது.

தொகையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நடுவில் டிக்கெட் விலையும் ஓட்டல் வாடகையும் ஏறிவிட்டன. அதே பணத்துக்கு இப்போது முன்பைவிடக் குறைவான பயணங்களே கிடைக்கின்றன. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 2019-இன் அளவை இன்னும் தொடவில்லை.

அப்படியானால் எந்த வகைப் பயணங்கள் குறைந்தன?

காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் ஒருநாள் பயணம்தான் அதிகம் அடிவாங்கியது. ஒரு மணி நேர மீட்டிங்குக்காக இரண்டு விமானம் ஏறி இறங்கும் பழக்கத்துக்கு இன்று எந்த மேனேஜரும் சட்டென்று அப்ரூவல் கொடுப்பதில்லை. கம்பெனிக்குள்ளேயே நடக்கும் ஆய்வுக் கூட்டங்கள், வழக்கமான பயிற்சி வகுப்புகள் போன்றவையும் திரைக்குப் போய்விட்டன.

கூடியவையும் உண்டு. ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்க்கும் குழுக்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுகின்றன. அலுவலக வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி இந்தக் கூடுகைக்குப் போகிறது. பயணங்களைக் கோர்ப்பதும் அதிகரித்திருக்கிறது: மூன்று முறை போய்வந்த ஊருக்கு ஒரே முறை போய், ஒரு வாரம் தங்கி, கிளையன்ட், விற்பனையாளர், கிளை அலுவலகம் எல்லோரையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பயணங்களின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றின் நாட்களும் செலவும் கூடியிருக்கின்றன.

எல்லாவற்றையும் வீடியோ காலிலேயே முடித்துவிட முடியாதா?

ஏற்கெனவே அறிமுகமானவர்களோடு முடியும். முன்பின் தெரியாதவரோடு பெரிய ஒப்பந்தம் பேசும்போதும், பழுதான இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியபோதும் முடியாது. 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மாஸ்டர்கார்டின் பெயர் நீக்கிய கட்டணத் தரவுகளை வைத்து எந்த நாட்டுக்காரர்கள் எந்த நாட்டுக்கு வேலையாகப் போகிறார்கள் என்று பார்த்தார்கள். எந்த நாட்டிலிருந்து ஆட்கள் அதிகம் வருகிறார்களோ, அந்த நாடு கைதேர்ந்திருக்கும் தொழில்கள் வந்த இடத்திலும் வளர்வதைக் கண்டார்கள். கைப்பழக்கமும் தொழில் நுணுக்கமும் ஆட்களோடுதான் பயணம் செய்கின்றன என்பது அவர்கள் வாதம். விமான நிறுவனங்களுக்கு இதைவிட இனிப்பான ஆய்வு கிடைக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கம்பெனி புக்கிங் தளத்தில் ஒரு விலை, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதைவிடக் குறைந்த விலை. யார் ஏமாற்றுகிறார்கள்?

யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு தளங்களும் இரண்டு வெவ்வேறு குழாய்களில் தண்ணீர் பிடிக்கின்றன.

பழைய குழாய்க்குப் பெயர் ஜிடிஎஸ்; பல விமான நிறுவனங்களின் இருக்கைகளையும் விலைகளையும் ஏஜென்சிகளுக்குக் காட்டும் முன்பதிவுக் கணினி வலைப்பின்னல் அது. சேபர், அமேடியஸ், டிராவல்போர்ட் ஆகிய மூன்றும் இதில் பெரியவை. சேபரின் வேர் 1960-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய முன்பதிவுக் கணினியில் இருக்கிறது. இந்த முறையில் கட்டணப் பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தார்கள். உங்கள் டிக்கெட்டில் ஒய், எம், கே என்று ஒற்றை எழுத்து ஒன்று இருக்குமே, அதுதான். எழுத்துகள் 26 என்பதால் ஒரு விமானத்தில் விலைப் படிகளும் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். ஒரு படியில் இருக்கைகள் தீர்ந்தால் விலை அடுத்த படிக்குத் தாவும். நடுவில் ஒரு விலை வைக்க வழியில்லை.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ 2012-இல் என்டிசி என்ற புதிய தரத்தைக் கொண்டுவந்தது. இதில் விமான நிறுவனமே நேரடியாக விலையைக் கணக்கிட்டு அனுப்பும். படிகளுக்கு இடைப்பட்ட விலை, பெட்டியும் இருக்கையும் சேர்த்த சலுகை, குறிப்பிட்ட கம்பெனிக்கான தனிக் கட்டணம் எல்லாம் சாத்தியம். மலிவான விலைகளைச் சில நிறுவனங்கள் இந்தப் புதிய குழாயில் மட்டுமே விடுகின்றன. உங்கள் கம்பெனியின் தளம் அதோடு இணையவில்லை என்றால் அந்த விலை உங்கள் கண்ணிலேயே படாது.

இதில் பெரிய இழுபறியே நடந்தது. லுஃப்தான்சா குழுமம் 2015 செப்டம்பர் முதல், ஜிடிஎஸ் வழியாகப் போடும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதலாக வாங்கத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023 ஏப்ரலில் தன் கட்டணங்களில் கணிசமான பங்கைப் பழைய குழாயிலிருந்து எடுத்தேவிட்டது. கார்ப்பரேட் வாடிக்கையாளர்கள் வேறு விமானங்களுக்கு நகர்ந்தார்கள். வருவாய் அடிவாங்கியதும், 2024 மே மாதம் அந்த நிறுவனம் தன் விற்பனை உத்தியைத் தவறென்று ஒப்புக்கொண்டு பின்வாங்கியது. வணிகப் பிரிவின் தலைவரும் பதவி விலகினார். பெரிய கம்பெனிகளின் பயணப் பிரிவை ஓரங்கட்டிவிட்டு ஊழியரை நேரடியாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

புதிய முறையிலும் ஒரு தலைவலி உண்டு. டிக்கெட் போடுவது சுலபம், மாற்றுவதுதான் கஷ்டம். பயணம் பாதியில் இருக்கும்போது தேதி மாற்ற ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், "இது என்டிசி டிக்கெட் சார், ஏர்லைனிடம்தான் பேசணும்" என்று பதில் வருவது இன்னும் நிற்கவில்லை. ஆகவே விலை கொஞ்சம்தான் வித்தியாசம், தேதியும் மாறக்கூடும் என்றால் பழைய வழியில் போடுவதே நிம்மதி.

விலை குறைவு என்றால் நானே வெளியில் டிக்கெட் போட்டுவிட்டுப் பணத்தைக் கிளெய்ம் செய்துகொள்ளலாமா?

கம்பெனி அனுமதித்தால் போடலாம். மிச்சமாகும் பணத்தோடு எது போகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. 2025 மார்ச் 21 அன்று ஒரு துணைமின் நிலையத்தில் பற்றிய தீயால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. இப்படிப்பட்ட நாளில் பயண ஏஜென்சி முதலில் செய்வது, தன் கணினியில் யார் யார் எந்த விமானத்தில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு, அவர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே வேறு விமானமோ ரயிலோ மாற்றிவிடுவார்கள். வெளியில் டிக்கெட் போட்டவர் பெயர் அதில் இருக்காது. அவர் கவுன்ட்டர் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

நடுவழியும் உண்டு. வெளியில் போட்ட டிக்கெட்டின் உறுதி மின்னஞ்சலை ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஃபார்வர்டு செய்தால் பயண விவரத்தைத் தானே பதிந்துகொள்ளும் வசதியைப் பல செயலிகள் தருகின்றன. உங்கள் கம்பெனியில் அந்த முகவரி இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

ஓட்டல்களோடு வருடாந்திர ஒப்பந்த விலை பேசுவதில் இன்னும் பலன் இருக்கிறதா?

அடிக்கடி போகும் ஊர்களில் இருக்கிறது. எப்போதாவது போகும் ஊருக்கு, அன்றைய விலையில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பேசிக்கொள்வதே பரவலாகி வருகிறது. நிலையான விலை பேசும்போது, கடைசி அறை இருக்கும்வரை அந்த விலைக்குத் தருவார்களா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாவிட்டால், கூட்டம் அதிகமான நாட்களில் உங்கள் ஒப்பந்த விலை தளத்திலிருந்து காணாமல் போய்விடும். நமக்கு அது தேவைப்படுவதே அந்த நாட்களில்தான்.

விர்ச்சுவல் கார்டு என்கிறார்கள். அது என்ன, உண்மையில் வேலை செய்கிறதா?

ஒரு பயணத்துக்காகவே உருவாக்கப்படும் தற்காலிகக் கார்டு எண் அது. இன்ன ஓட்டல், இன்ன தேதிகள், இவ்வளவு தொகைக்குமேல் போகக் கூடாது என்று பூட்டுப் போட்டே உருவாக்கலாம். எண் திருடுபோனாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு பயணம் ஒரு எண் என்பதால் மாதக் கடைசியில் ஃபைனான்ஸ் பிரிவு எந்த பில் யாருடையது என்று தேட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊழியர் தன் சொந்தக் கார்டில் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் கொடுமை தீர்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த, கார்டு வரம்பு குறைவான இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

சிக்கல் ஓட்டல் வரவேற்பு மேசையில்தான். இரவு பதினொன்றரை மணி. பயணி பெட்டியோடு நிற்கிறார். "கார்டு கொடுங்க" என்கிறார் ஊழியர். "கம்பெனி கட்டிட்டாங்களே" என்கிறார் பயணி. திரையில் புக்கிங் இருக்கிறது, கார்டு எண் மட்டும் மேசையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது முன்பதிவுப் பிரிவுக்கு மின்னஞ்சலில் போயிருக்கும், அந்தப் பிரிவு மாலையே வீட்டுக்குப் போயிருக்கும். கடைசியில் பயணி சொந்தக் கார்டைத் தேய்க்கிறார். மறுநாள் கம்பெனி எண்ணிலும் பணம் எடுக்கப்படுகிறது. இரட்டைக் கட்டணத்தைத் திரும்பப் பெற மூன்று பேர் மின்னஞ்சலில் மல்லுக்கட்டுகிறார்கள்.

இதைத் தவிர்க்க இரண்டு விஷயங்கள் போதும். கம்பெனியின் கட்டண அனுமதிக் கடிதத்தைக் கைபேசியில் பிடிஎஃப் ஆக வைத்திருங்கள். கிளம்பும் நாள் பகலில், முன்பதிவுப் பிரிவு திறந்திருக்கும்போதே, ஓட்டலுக்கு ஒரு போன் போட்டு "கார்டு வந்து சேர்ந்ததா?" என்று கேளுங்கள். பூட்டுப் போட்ட தொகையில் உள்ளூர் தங்கும் வரி சேர்ந்திருக்கிறதா என்பதை டிராவல் டெஸ்க் பார்க்க வேண்டும். அந்தச் சிறு தொகை விட்டுப்போனதாலேயே மொத்தக் கார்டும் மறுக்கப்படுவது உண்டு.

செயற்கை நுண்ணறிவால் போலி ரசீது தயாரிக்கிறார்களாமே?

ஆம். 2025-இல் படம் வரையும் ஏஐ கருவிகள் எழுத்துகளையும் பிழையில்லாமல் வரையக் கற்றுக்கொண்ட பிறகு இது சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டது. கசங்கிய காகிதம், காபிக் கறை, மங்கிய மை எல்லாம் கேட்டால் கிடைக்கும். ரசீதின் படத்தை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது.

கண்டுபிடிக்கிற வழி படத்துக்கு வெளியே இருக்கிறது. ரசீதில் இருக்கும் நேரத்தில் அந்த ஊழியரின் விமானம் தரையிறங்கியிருந்ததா? அந்தத் தொகை கம்பெனி கார்டின் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா? வரியையும் அடிப்படை விலையையும் கூட்டினால் மொத்தம் வருகிறதா? மூன்றில் ஒன்று இடித்தாலும் விசாரிக்கலாம். ஓட்டலும் டாக்சிச் செயலியும் பில்லை நேரடியாகக் கம்பெனியின் மென்பொருளுக்கு அனுப்பும் முறை பரவி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கருத்தைக் கேட்டால், சில்லறைச் செலவுக்கு ரசீதே கேட்காமல் தினப்படியாகக் கொடுத்துவிடுவது மேல். ஒரு டீ பில்லைச் சரிபார்க்க ஆகும் நேரத்தின் சம்பளம் அந்த டீயைவிட அதிகம்.

ஏஐ உதவியாளரே டிக்கெட் போடும் என்கிறார்களே, நம்பலாமா?

தேடுவதற்கு நம்பலாம். "செவ்வாய் காலை பத்து மணி மீட்டிங்குக்கு முந்தைய இரவே போய்ச் சேர வேண்டும், கம்பெனி விதிக்குள் மூன்று வழி காட்டு" என்றால் நன்றாகவே காட்டுகிறது. விதிப் புத்தகத்தைப் புரட்டாமல் "இந்த ஊரில் ஓட்டலுக்கு எவ்வளவு வரம்பு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் உதவும்.

பணம் கட்டும் கட்டத்தில் மனிதர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், ஒரே நகரில் மூன்று விமான நிலையங்கள், நள்ளிரவைத் தாண்டும் தேதி போன்ற இடங்களில் இயந்திரம் மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறு செய்யும். அப்படித் தவறினால் யார் பொறுப்பு? 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஏர் கனடாவின் சாட்பாட், குடும்பத்தில் துக்கம் நேர்ந்தவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டுப் பெறலாம் என்று தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பயணிக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. ஆகவே சாட்பாட் கொடுத்த முக்கியமான பதில்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

வேலை முடிந்த பிறகு அதே ஊரில் இரண்டு நாள் சொந்தச் செலவில் தங்கலாமா?

பல கம்பெனிகள் இதை இப்போது வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. நல்ல ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள இதுவும் ஒரு வழி என்று ஹெச்ஆர் நினைக்கிறது. போட்டுவைக்க வேண்டிய கோடு எது என்பதில்தான் தகராறு.

திரும்பும் டிக்கெட்டின் விலைதான் முதல் தகராறு. வெள்ளி இரவு திரும்பினால் ஒரு விலை, ஞாயிறு திரும்பினால் வேறு. டிக்கெட் போடும் அதே நேரத்தில் இரண்டு விலைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, வித்தியாசம் இருந்தால் தான் கட்டுவதாக மின்னஞ்சலில் எழுதிவிட்டால் பிறகு வம்பில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு விலையுமே மாறியிருக்கும்.

காப்பீடு இரண்டாவது. கம்பெனியின் பயணக் காப்பீடு வேலை நாட்களோடு நின்றுவிடுகிறதா, சொந்த நாட்களுக்கும் நீள்கிறதா என்பது ஒவ்வொரு பாலிசியிலும் வேறு வேறு. சனிக்கிழமை மலையேறப் போய்க் கால் முறிந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருந்தபடியே சில மாதங்கள் வேலை பார்க்கிறேன் என்று ஊழியர் கேட்கிறார். 183 நாளுக்குள் என்றால் வரிப் பிரச்சினை இல்லைதானே?

இந்த 183 நாள் கதையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். பல நாடுகளின் வரி ஒப்பந்தங்களுக்கு அடிப்படையான, ஓஇசிடி என்ற சர்வதேசப் பொருளாதார அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டில் வசிக்காத முதலாளியாக இருக்க வேண்டும். அந்த நாட்டில் இருக்கும் கிளையின் கணக்கில் அந்தச் சம்பளம் எழுதப்படக் கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் அங்கே சம்பள வரி இல்லை. ஒன்று தவறினால் முதல் நாளிலிருந்தே வரி வரலாம். இரண்டு நாடுகளுக்கிடையே ஒப்பந்தமே இல்லை என்றால் இந்தப் பாதுகாப்பே கிடையாது.

இது ஊழியரின் வரி. கம்பெனிக்குத் தனி ஆபத்து இருக்கிறது. ஊழியர் அங்கே உட்கார்ந்து தொடர்ந்து ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டிருந்தால், கம்பெனிக்கே அந்த நாட்டில் நிரந்தர நிறுவனம், அதாவது வரி கட்ட வேண்டிய தொழிலிடம், இருப்பதாக வரித்துறை கருதி லாபத்தில் பங்கு கேட்கலாம். விசா வேறு விவகாரம்: 2020-இல் எஸ்டோனியா போன்ற நாடுகள் தொடங்கிய டிஜிட்டல் நாடோடி விசாவை இன்று பல நாடுகள் கொடுக்கின்றன. அது தங்கும் அனுமதிதான், வரிக்குப் பதில் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு ஊழியர் இன்னொரு நாட்டுக்கு வேலையாகப் போனால், சமூகப் பாதுகாப்புச் சந்தா சொந்த நாட்டிலேயே கட்டப்படுகிறது என்று காட்டும் ஏ1 சான்றிதழ் குறுகிய பயணத்துக்குக்கூடத் தேவைப்படும்.

எல்லைகளில் என்ன மாறியிருக்கிறது?

கணக்குப் போடும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலம் தங்குவோருக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற வரம்பு முன்பிருந்தே உண்டு. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளை எண்ணித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மை மங்கிய முத்திரை பலரைக் காப்பாற்றியிருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஈஇஎஸ் என்ற மின்னணுப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கைரேகையும் முகப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள், நாட்களைக் கணினியே எண்ணுகிறது. ஒரு நாள் அதிகமானாலும் தெரிந்துவிடும். விசா தேவைப்படாத நாட்டவர்களும் முன்அனுமதி வாங்க வேண்டிய எட்டியாஸ் இதற்கு அடுத்து வரவிருக்கிறது. பிரிட்டனின் இடிஏ என்ற இதேபோன்ற முன்அனுமதி முறை 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பியர்களுக்கும் பொருந்துகிறது.

அடிக்கடி போகிறவர்களின் 90 நாள் கணக்கை டிராவல் டெஸ்க் ஓர் எளிய அட்டவணையில் வைத்திருப்பது இனி அவசியம். சொந்த விடுமுறையில் போன நாட்களும் அதில் சேரும் என்பதை ஊழியருக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு மீட்டிங்குக்கு முந்தின நாள் எல்லையில் நின்றால் பார்க்கச் சகிக்காது.

கார்பன் கணக்கு எழுதச் சொல்கிறார்கள். வெறும் காகித வேலையா?

தொடங்கும்போது அப்படித்தான் இருந்தது. பசுங்குடில் வாயுக்களுக்கான சர்வதேசக் கணக்கு விதிகளில் அலுவலகப் பயணம் மூன்றாம் வட்டத்தின் (ஸ்கோப் 3, அதாவது கம்பெனிக்காகப் பிறர் வெளியிடும் புகை) 6-ஆம் வகையாக வருகிறது. ஊழியர் தினமும் வீட்டிலிருந்து அலுவலகம் வருவது 7-ஆம் வகை. பெரிய வாடிக்கையாளர்கள் இந்த எண்ணிக்கையைக் கேட்கத் தொடங்கியதும், அவர்களுக்குச் சரக்கோ சேவையோ தரும் சிறிய கம்பெனிகளும் எழுதியாக வேண்டியதாயிற்று.

கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். செலவான பணத்தை வைத்துக் கணக்கிடும் சுலப வழி ஒன்று உண்டு. கடைசி நேரத்தில் இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட், அந்தக் கணக்கில் இரு மடங்கு புகை கக்கியதாக ஆகிவிடும். தூரத்தையும் இருக்கை வகுப்பையும் வைத்துக் கணக்கிடுவதே அர்த்தமுள்ளது. நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு, எகானமி இருக்கையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பிரிட்டன் அரசின் கணக்கீட்டுக் காரணிகள் சொல்கின்றன. படுக்கையாக விரியும் இருக்கை அடைக்கும் இடம்தான் காரணம்.

தாவர எண்ணெய், கழிவுக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் மாற்று விமான எரிபொருளை விமான நிறுவனங்கள் விளம்பரங்களில் பெரிதாகக் காட்டுகின்றன. 2024-இல் உலக விமான எரிபொருளில் அதன் பங்கு சுமார் 0.3 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6 சதவீதம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அதை நம்பி இன்றைய பயணத்தை நியாயப்படுத்த முடியாது. உண்மையில் எண்ணிக்கையைக் குறைப்பவை ரயிலும், போகாமல் விட்ட பயணமும்தான். பிரான்ஸ் 2023-இல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு விமானத் தடங்களைச் சட்டத்தாலேயே நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2012 முதல் ஒவ்வொரு பிரிவிடமும் அதன் பயணப் புகைக்கு உள்ளுக்குள்ளேயே கட்டணம் வசூலிக்கிறது. அறிவுரையைவிட பட்ஜெட்டில் விழும் ஓட்டைக்கு மேனேஜர்கள் சீக்கிரம் அசைவார்கள்.

ஊழியர் எங்கே இருக்கிறார் என்று கண்காணிப்பது சரியா?

எந்த ஊரில், எந்த ஓட்டலில் என்று தெரிந்திருப்பது கம்பெனியின் கடமை. பயண ஆபத்து மேலாண்மைக்கென்று 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 31030 வழிகாட்டியும் இதை வலியுறுத்துகிறது. ஜிபிஎஸ் வழியாக ஊழியர் இரவு எங்கே போனார் என்று பார்ப்பது அத்துமீறல். டிக்கெட், ஓட்டல் பதிவிலிருந்து கிடைக்கும் விவரம் பெரும்பாலும் போதும். ஆபத்தான இடங்களில் மட்டும், ஊழியரே பொத்தானை அழுத்தி இருப்பிடத்தைக் காட்டும் ஏற்பாடு வைக்கலாம்.

பெண்கள் தனியாகப் போகும் பயணங்களில் பெரிய தொழில்நுட்பத்தைவிடச் சின்ன விஷயங்கள் உதவுகின்றன. வரவேற்பு மேசையில் அறை எண்ணை உரக்கச் சொல்லாமல் காகிதத்தில் எழுதித் தரச் சொல்வது அதில் ஒன்று. ஓட்டல் வரம்பை உயர்த்தி, இரவு நேரத்தில் நடக்க வேண்டாத இடத்தில் தங்கவைப்பது இன்னொன்று. இரவு பத்து மணிக்குமேல் தரையிறங்கும் விமானத்தை விலை குறைவு என்பதற்காகக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது மூன்றாவது.

விமானம் தாமதமானால் வரும் இழப்பீடு எனக்கா, கம்பெனிக்கா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை வரும் இழப்பீடு பயணிக்கு உரியது. அலைக்கழிக்கப்பட்டவர் அவர்தானே. டிக்கெட் ரத்தாகி வரும் கட்டணத் தொகை மட்டும் பணம் கட்டியவருக்குத் திரும்பும். உங்கள் கம்பெனியின் விதியில் இதற்கு மாறாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் எடுத்துப் போகலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கைப்பையில் மட்டும் எடுத்துப் போகலாம், செக்-இன் பெட்டியில் ஒருபோதும் கூடாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தபோது தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்ததும் விதிகள் இறுகத் தொடங்கின. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடைவிதித்தது. 100 வாட்-ஹவருக்குக் குறைவான ஒன்றை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சீனா அதே ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து, தன் நாட்டுப் பாதுகாப்பு முத்திரை இல்லாதவற்றை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

100 வாட்-ஹவர் என்பது எவ்வளவு என்று குழம்ப வேண்டாம். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர். 27,000-க்குமேல் போனால்தான் எல்லையைத் தாண்டும். கம்பெனியே பரிசாகக் கொடுக்கும் பவர் பேங்குகளில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எண் அழிந்துபோனதை எடுத்துச் சென்றால் சோதனை மேசையிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

எங்கள் பயண விதிகளைத் திருத்தப் போகிறோம். எங்கே தொடங்கலாம்?

விதிப் புத்தகத்தை அப்புறம் திறங்கள். கடந்த ஓர் ஆண்டில் நிராகரிக்கப்பட்ட கிளெய்ம்களையும், சிறப்பு அனுமதி கேட்டு வந்த மின்னஞ்சல்களையும் முதலில் எடுத்து வையுங்கள். ஒரே காரணத்துக்குப் பலர் விதிவிலக்குக் கேட்டிருந்தால் பிழை விதியில்தான் இருக்கிறது. ஓட்டல் வரம்பு சந்தை விலையைவிடக் கீழே இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். அந்த ஊர்களின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸ் பிரிவிடம் போங்கள். மற்ற திருத்தங்கள் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும்.